ஒன்பது தலைப் பாம்பும் விளையாத மண்ணும்

பல தலைப் பாம்புக் கதைகள் பெரும்பாலும் பாம்பின் சாவோடு முடிகின்றன. சீனத் தொன்மத்தின் சியாங்லியூ கதையோ அதன் சாவுக்குப் பின்னரே விரிகிறது. ‘ஷான்ஹாய் ஜிங்’ என்னும் பழந்தொகுப்பு, மனித முகம் கொண்ட ஒன்பது தலைகளும் பச்சை நிறப் பாம்புடலும் உடையதாக இதனைக் காட்டுகிறது. கோங்கோங்கின் அமைச்சனாகிய இப்பாம்பு தீண்டிய இடமெல்லாம் சதுப்பாகும். யூ அதனைக் கொன்ற செய்தி ஒரு தொடருக்குள் அடங்கிவிடுகிறது; போர் வருணனை இல்லை. குருதி நாறிய மண்ணில் ஐவகைத் தானியமும் விளையவில்லை. யூ அம்மண்ணைத் தோண்டி மும்முறை நிரப்பினான். மும்முறையும் அது அமிழ்ந்தது. இறுதியில் அங்கு மேடைகளே எழுந்தன. பெருவெள்ளத்தை வடித்தவன் எனப் போற்றப்படும் யூ இங்குத் தோற்றுத் தோற்று மண் சுமக்கிறான்.

பகையின் உயிரளவு தீர்ந்ததும் வெற்றியை அறிவிக்கும் வீடியோ விளையாட்டு வடிவத்திற்கு இக்கதை எளிதில் இணங்காது. ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 2006இல் வெளியிட்ட ‘ஓகாமி’ இவ்வகையில் ஒப்புநோக்கத் தக்கது. அது எடுத்துக்கொண்டது சியாங்லியூவை அன்று. ஜப்பானியத் தொன்மத்தின் எண்தலைப் பாம்பான யமதா நோ ஓரொச்சியை. 712இல் நிறைவுற்ற ‘கொஜிகி’யில் சுசானோவோ அதனை மதுவால் மயக்கி வெட்டுகிறான். விளையாட்டும் மதுவைக் கைவிடவில்லை. ஆயின் தொன்மத்தில் இல்லாத ஒன்றை அது சேர்க்கிறது: ஓரொச்சி வீழ்ந்த பின்னும் தீமை நாடெங்கும் சிதறிப் பரவுகிறது, ஓநாய் வடிவில் வரும் அமதெராசு, சாபத்தால் கருகிய நிலங்களை ஒவ்வொன்றாக மீட்கவேண்டியுள்ளது. கொலையைவிட மண்ணை முதன்மையாக்கும் இந்நோக்கு, அறிந்தோ அறியாமலோ, கொஜிகியினும் சீனக் கதைக்கே நெருக்கமானது. ‘விளையாட்டு’ என்னும் சொல்லைக் கண்டே இத்தகைய ஆக்கங்களை ஒதுக்கும் ஆய்வுப்போக்கு இதனைக் காணத் தவறுகிறது.

எனினும் வேறுபாடு சிறிதன்று. தெய்வத் தூரிகை ஒருமுறை அசைந்தால் வாடிய மரம் பூக்கிறது; பூவெள்ளம் நிலமெங்கும் பாய்கிறது. காட்சி அழகியதே, ஆனால் உழைப்பு அதில் இல்லை. ஆடுவோனின் முயற்சிக்குப் பரிசளித்தாக வேண்டிய வடிவம், மீளாத நிலத்தை அவன் கையில் கொடுக்கத் தயங்குகிறது. சியாங்லியூவின் மண்ணிலோ, மேடைகள் எழுந்த பின்னும் பயிர் விளைந்ததாக நூல் கூறவில்லை.