திருவாசகமும் பல்லியமும்

திருவாசகத்திற்கு உருகாதார் வேறெந்த வாசகத்திற்கும் உருகார் என்பது முதுமொழி. அவ்வாசகத்தை மேனாட்டுப் பல்லியத்தோடு இணைத்து இளையராஜா 2005ஆம் ஆண்டு வெளியிட்ட இசைப்படைப்பையும் இம்முதுமொழி கொண்டே அளத்தல் வேண்டும். ஆனால் நம்மிடையே நிகழ்வது என்ன? ஓதுவார் மரபு சிதைந்ததென ஒரு சாரார் வருந்துகின்றனர். புடாபெஸ்ட் நகர இசைக்குழுவே வாசித்துவிட்டதென மற்றொரு சாரார் பெருமிதம் கொள்கின்றனர். இரு சாராரும் படைப்பினுள் புகாமலே தீர்ப்புரைக்கின்றனர்.

முதற்கண் பெயரைத் தெளிவோம். சிம்பொனி என்பது பெரும்பாலும் குரலின்றிக் கருவிகளாலேயே இயங்குவது. பீத்தோவன் தம் ஒன்பதாம் சிம்பொனியில் (1824) பாடற்குரலைச் சேர்த்தமை விதிவிலக்கு. சமயப் பொருளைத் தனிக்குரலும் குழுக்குரலும் பல்லியமும் கூடிப் பாடும் வடிவம் ஒரட்டோரியோ எனப்படும். ஹாண்டல் 1741இல் இயற்றிய 'மெசையா' அவ்வகையது. இளையராஜாவின் திருவாசகமும் அதற்கே நெருங்கிய உறவு. 2025 மார்ச் 8ஆம் நாள் இலண்டனில் அரங்கேறிய அவருடைய சிம்பொனியோடு ஒப்பிட்டால் இவ்வேறுபாடு நன்கு விளங்கும். ஆகவே, இங்குச் சொல்லே தலைமை. கருவி அதற்குத் துணை.

அத்துணை எவ்வாறு அமைந்துள்ளது? படைப்பிலுள்ள ஆறு பாடல்களுள் தலையாயது சிவபுராணம். ஏறத்தாழ இருபது நிமிடம் நீள்வது. நூலின் வாழ்த்தோடு தொடங்காது, தன் வினையை நினைந்து நாணும் அடியவனின் குரலோடு அதனைத் தொடங்குகிறார் இளையராஜா. இத்தேர்வு நுட்பமானது. தனிமனிதன் ஒருவன் அழ, குழுக்குரல் உலகமே உடனழுவது போல எழுகின்றது. ஓதுவார் முறையில் மோகன இராகத்தில் ஒரே சீராக ஓதும்போது உருக்கம் சொல்லிலிருந்தே பிறக்கும். இங்கோ அது நாடகமாக விரிகின்றது. மகளிர் சுண்ணம் இடிக்கும் திருப்பொற்சுண்ணத்திலும் பாட்டுக்குரிய தொழிலின் தாளம் மறக்கப்படவில்லை.

குறையும் உண்டு. பல்லியம் பொங்கும் இடங்களில் மணிவாசகரின் சொல் மங்குகிறது. தமிழ் அடிகளுக்கிடையே ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் எழுதிய ஆங்கில வரிகள் புகும்போது, உருகத் தொடங்கிய நெஞ்சு சற்றே விலகி நிற்கிறது. 1900இல் போப் அடிகள் ஆங்கிலத்தில் பெயர்த்தளித்தது பிறமொழியார்க்கு. அங்கு மூலத்தின் ஓட்டம் தடைப்படவில்லை.

புக்கிட் பெருந்துங் வட்டாரம் போன்ற தோட்டப்புற மண்ணில் மார்கழி விடியலில் திருவெம்பாவையும், இறப்பு வீட்டில் சிவபுராணமும் கேட்டு வளர்ந்தவர் நம் மாணவர். ஆசிரியர் முதலில் பாடலைப் பொருளுணர ஓதுவித்து, பின்னர் இவ்விசையைக் கேட்பித்தல் நன்று. இசை எவ்விடத்தில் சொல்லை உயர்த்தியது, எவ்விடத்தில் மறைத்தது என மாணவரே கூறுவர். அவ்வாறு கூறவல்ல செவியே திறனாய்வின் தொடக்கம். புடாபெஸ்டின் பாராட்டு அதனைத் தர இயலாது.