மில் வாசலோடு நின்றுபோன வரலாறு

ஆகஸ்ட் வந்தால் சென்னையில் மரபு நடைகளுக்குக் குறைவே இல்லை. 1639 ஆகஸ்ட் 22ஐ நகரத்தின் பிறந்தநாளாக வைத்து, 2004ல் எஸ். முத்தையாவும் நண்பர்களும் தொடங்கிவைத்த கொண்டாட்டம் இது. பல வருசமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். இந்த ஊரைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி இப்படி நடந்து தெரிந்துகொண்டதுதான். அந்த நன்றியோடுதான் இந்தக் குறையைச் சொல்கிறேன்.

இந்த முறை போனது பட்டாளம், புளியந்தோப்புப் பக்கம். பின்னி மில் என்று ஊர் சொல்லும் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகள் இருந்த இடம். அறிவிப்பில் 'சமூக வரலாறு' என்று போட்டிருந்தார்கள். வழிகாட்டிய இளைஞர் நன்றாகவே தயாரித்து வந்திருந்தார். 1876ல் ஒரு மில், 1881ல் இன்னொன்று, 1996ல் மூடல். நடுவில் 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம், பி.பி. வாடியா, திரு.வி.க. 'இந்தியாவின் முதல் தொழிற்சங்கங்களில் ஒன்று' என்றதும் எல்லாரும் கைதட்டினோம். அடுத்தது டீ.

நான் காத்திருந்தது 1921க்கு. அது வரவே இல்லை.

அந்த வருசம் மில்லில் பெரிய வேலைநிறுத்தம். ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் அதில் நிற்காமல் வேலைக்குப் போனார்கள். ஒரே மில்லில் வேலை பார்த்தவர்கள் மோதிக்கொண்டார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. மாதக்கணக்கில் இழுத்த வேலைநிறுத்தம் தோற்றது. நீதிக்கட்சிக்கும் எம்.சி. ராஜாவுக்கும் இடையில் விரிசல் பெரிதானதில் இதற்கும் பங்கு உண்டு. 1923ல் அவர் கட்சியை விட்டே விலகினார்.

அவர்கள் ஏன் வேலைக்குப் போனார்கள்? கம்பெனியும் சர்க்காரும் பிரித்தாண்டன என்பது ஒரு பதில். தெருவில் ஒதுக்கி வைப்பவன் சங்கத்தில் மட்டும் எப்படித் தோழன் ஆவான் என்பது இன்னொரு பதில். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதானே சமூக வரலாறு? 1918ஐச் சொல்லி 1921ஐ விட்டால் கையில் மிஞ்சுவது வாழ்த்துரை.

முடிந்ததும் வழிகாட்டியிடம் கேட்டேன். "அதெல்லாம் சென்சிட்டிவ் சார், குடும்பத்தோட வர்றாங்க" என்றார். அவர் சங்கடம் புரிகிறது. நூறு வருசத்துக்கு முந்தைய சண்டையைக் கிளப்பி, அதே தெருவில் நின்று பேசுவது லேசான காரியமில்லை. ஆனால் அந்தத் தெருக்காரர்கள் அதை மறந்துவிட்டார்கள் என்று யார் சொன்னது?

டீக்கடைப் பெஞ்சில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். எங்கள் கூட்டத்தைப் பார்த்து, "இன்னா பாக்க வந்துகிறீங்க?" என்றார். மில்லைப் பார்க்க என்றேன். சிரித்தார். மில் மூடும்வரை ஸ்பின்னிங்கில் இருந்தவராம். நாங்கள் சொல்லாமலே பேச்சு 1921க்குப் போனது. "எங்க தாத்தா அந்த ஸ்ட்ரைக்ல உள்ள போனவரு. வூட்ல அத்த யாரும் சத்தமா சொல்ல மாட்டாங்க." நாங்கள் மைக் வைத்துக்கொண்டு விட்டதை அவர் டீ கிளாஸ் வைத்துக்கொண்டு சொல்லிவிட்டார். அதற்குள் எங்கள் கூட்டம் அடுத்த சந்து திரும்பிவிட்டது.

இந்த அமைப்புகளிடம் நான் கேட்பது ரொம்பப் பெரிசு இல்லை. ஞாயிறு காலை ஏழு மணிக்கு, பாதி இங்கிலீஷில், வெளியிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறோம். ஒரு தடவையாவது சாயங்காலம், தமிழில், அந்தத் தெருக்காரர்களையும் கூப்பிட்டு உட்காருங்கள். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கும் அரசாணைகளில் நாலு பக்கம் நகலெடுத்து வந்து உரக்கப் படியுங்கள். வேலைநிறுத்தத்தில் நின்றவர் வீட்டிலிருந்து ஒருவர், உள்ளே போனவர் வீட்டிலிருந்து ஒருவர் பேசட்டும். சண்டை வருமோ என்ற பயம் நியாயம்தான். ஆனால் தாத்தாவைப் பற்றிச் சத்தமாகச் சொல்ல முடியாத ஒரு வீடு இன்னும் அங்கே இருக்கிறது. அந்த வீட்டுக்கு நம் நடையால் என்ன பயன்?