காமன் கூத்தில் நகைச்சுவை

இலங்கை மலையகத்தின் ஹட்டன், நுவரெலியாப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் மாசிக் குளிரில் விடிய விடிய நிகழும் காமன் கூத்தைச் சோக நாடகமென்று மட்டும் எண்ணுவோர், சிவபெருமானின் நெற்றிக்கண்ணால் மன்மதன் தகனமாவதையும் ரதியின் பிரலாபத்தையும் கண்டு மனங்கசிந்தவர்களேயன்றி, நள்ளிரவு கழிந்து சபையின் கண்கள் சோரும் வேளையில் அரங்கேறும் சிறு சிறு ஹாஸ்யக் காட்சிகளின் அருமையை நிதானமாக ரசித்தவர்களாக இரார். குறவனும் குறத்தியும் வாய்ச்சண்டை இட்டுக்கொண்டே தப்புப் பறையின் அடிக்கு இசைய நுழைந்ததும், கம்பளிக்குள் ஒடுங்கியிருந்த லயத்துச் சனங்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

எழுதி வைத்த வசனம் இங்கே சொற்பம். எதிரே அமர்ந்திருப்பவரின் முகக்குறிப்பைக் கண்டு அக்கணமே பிறக்கும் பேச்சே பிரதானம். குறத்தி வேஷந் தரிப்பவரும் ஆண்மகனே. பகலில் மலைச்சரிவில் கவ்வாத்து வெட்டிய கையை அவர் இடுப்பில் ஊன்றி, ஒரு வார்த்தையும் பேசாமல் குறவனை ஏற இறங்கப் பார்க்கும் பார்வைக்கே சபை குலுங்குகிறது. அந்த மௌனத்தின் அளவறிதல் உயர்ந்த நடிப்பு என்பதில் எனக்கு ஐயமில்லை. சில காட்சிகள் நீண்டு சலிப்பூட்டுவதும் உண்டுதான். ஆயினும், வயிறு குலுங்கச் சிரித்த சபைதான் சற்றைக்கெல்லாம் ரதியோடு விம்மி அழுகிறது. சிரிப்பு நெஞ்சை இளக்கியிராவிடில் அவ்வழுகை இத்துணை ஆழமாய் இறங்காது.

அடுத்த மாசியில் மலையகம் செல்பவர்கள், தகனத்தை மாத்திரம் கண்டு திரும்பாமல், இரவு முழுதும் அமர்ந்து இந்த ஹாஸ்ய நடிகர்களுக்கும் செவிசாய்க்க வேண்டும்.