நிறத்துக்கு முன்னால் ஒளி: வளைகுடாவில் இமைப்பூச்சைத் தேர்வது எப்படி?

ஐ ஷேடோ வாங்கப் போனால் நாம் நிறத்தைத்தான் பார்க்கிறோம். பழுப்பா, செம்பா, ரோஜாவா என்று கடைப்பெண் புறங்கையில் தீட்டிக் காட்டுவாள். நாமும் தலையாட்டிவிட்டு வாங்கி வருவோம். அதே பழுப்பு மேட்டாக இருந்தால் ஒரு முகம், மெட்டாலிக்காக இருந்தால் வேறொரு முகம் என்பது வீட்டுக் கண்ணாடி முன் நிற்கும்போதுதான் புரியும். துபாயிலும் ஷார்ஜாவிலும் என் தோழிகள் பலருடைய அலமாரியில் இரண்டு முறை தொட்டதோடு கிடக்கும் பேலட்டுகளைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் தேர்ந்த நிறங்களில் பெரும்பாலும் பிழையில்லை. ஃபினிஷை யாரும் யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஃபினிஷ் என்பது பூச்சு ஒளியை என்ன செய்கிறது என்பது. மேட் ஒளியை அடக்கும். சாட்டின் மெல்லத் திருப்பும். ஷிம்மர் மினுக்கும். மெட்டாலிக் தகடு போல ஒளிரும். கிளிட்டர் துண்டு துண்டாகத் தெறிக்கும். நம் தோலுக்கும் இந்த ஊருக்கும் இவற்றில் எது பொருந்தும்? நான்கு அளவுகோல்களை வைத்துக்கொள்வோம்: மாநிறத்திலும் கறுப்பிலும் நிறம் மாறாமல் நிற்கிறதா, வெயிலிலும் வியர்வையிலும் தாங்குகிறதா, பல வகை வெளிச்சத்தில் சரியாகத் தெரிகிறதா, கண்ணுக்குத் தீங்கில்லையா.

இந்த அளவுகோல்களுக்கு வளைகுடாவைவிடக் கடுமையான சோதனைக்களம் குறைவு. கோடையில் வெப்பம் 45 டிகிரியைத் தாண்டுகிறது. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகலில் திறந்தவெளி வேலைக்கே அமீரகத்தில் தடை இருக்கிறது. கடலோரத்தில் ஆகஸ்ட் மாதப் புழுக்கம் இமையை நனைக்கும்; அலுவலகத்துக்குள் நுழைந்ததும் ஏசிக் காற்று அதே இமையை உலர்த்தும். காலையில் கண் கூசும் பாலைவன வெயில், பகலெல்லாம் வெள்ளை எல்இடி, இரவில் கல்யாண மண்டபத்தின் மஞ்சள் சரவிளக்கு. ஒரே நாளில் ஒரே பூச்சு இவை அத்தனையையும் கடந்தாக வேண்டும்.

பளபளப்பா, அடக்கமா என்ற வழக்கு இந்த மண்ணில் புதிதுமல்ல. அரபுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் தீட்டிவரும் குஹ்ல் எனும் கண்மை இரண்டு வழிகளில் வந்தது. ஒன்று, கலீனா என்ற ஈயக் கனிமத்தை அரைத்த தூள். உலோக மினுக்கம் கொண்டது. மற்றொன்று புகைக்கரி, ஓமானில் சாம்பிராணியை எரித்துப் பிடித்த கரியும் மையானது. விளக்கெண்ணெய் தீபத்தில் நம் பாட்டிமார் பிடித்த கண்மையும் இந்த இரண்டாம் குடும்பம்தான்: மினுக்கமே இல்லாத கறுப்பு. ஓமானில் கிடைத்த மைகளைச் சோதித்து 1998-ல் வெளியான ஆய்வு ஒன்று, அவற்றில் சிலவற்றின் முதன்மைப் பொருள் கலீனாவே என்று கண்டது. ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுப்பது. அமெரிக்காவில் குஹ்லை அழகுப் பொருளின் நிறமியாகச் சேர்க்க அனுமதி இல்லை. மினுக்கம் எந்தப் பொருளிலிருந்து வருகிறது என்று முதலில் கேட்க வேண்டும் என்பதே இந்தப் பழைய வழக்கு தரும் பாடம்.

இன்றைய மினுக்கம் பெரும்பாலும் அபிரகத்திலிருந்து, அதாவது மைக்காவிலிருந்து வருகிறது. மெல்லிய மைக்கா செதில்களின்மேல் டைட்டானியம் டை ஆக்சைடையோ இரும்பு ஆக்சைடையோ பூசுகிறார்கள். அந்தப் பூச்சின் தடிமனைப் பொறுத்து ஒளி பொன்னாகவோ நீலமாகவோ திரும்புகிறது. செதிலின் அளவு ஃபினிஷைப் பெரிதும் முடிவு செய்கிறது. சுமார் 25 மைக்ரானுக்கு உட்பட்ட சிறு செதில்கள் பட்டுத்துணி போன்ற சாட்டின் ஒளியைத் தரும். அளவு கூடக் கூட ஷிம்மராகும். கிளிட்டரில் பெரும்பாலும் பிளாஸ்டிக் படலத்தை வெட்டிய துண்டுகள்தான். தலைமுடியின் தடிமனைவிடப் பெரியவை அவற்றில் நிறைய. இந்த ஒரு செய்தியைப் பிடித்துக்கொண்டால் ஒவ்வொன்றையும் எடைபோடலாம்.

முதலில் மேட். இதன் பெருமை பெரிது. கண்குழியின் நிழலை ஆழமாக்கவும், இமையின் வடிவத்தை மாற்றிக் காட்டவும் இதற்கு ஈடு கிடையாது. எண்ணெய் வடியும் இமையில் கூடுதல் மினுக்கத்தைச் சேர்க்காது. ஆனால் நம் தோலில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. வெளிர் மேட் நிறங்களில் வெள்ளை நிறமியும் டால்க்கும் மிகுதி. மாநிற இமையில் அவை சுண்ணாம்பு தடவியது போல, சாம்பல் பூத்தது போல உட்காரும். இமையைச் சுற்றி இயல்பாகவே கருமை கொண்ட தெற்காசியத் தோலில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். ஏசியில் உலர்ந்த இமையிலோ ஒவ்வொரு சுருக்கத்தையும் மேட் எண்ணிக் காட்டும். ஆகவே நம் தோலின் நிறத்தைவிட ஆழமான மேட்டுக்குத் தேர்ச்சி. வெளிர் மேட்டுக்கு இல்லை.

அடுத்து மெட்டாலிக். பட்டுப்புடவைக்கும் தங்க நகைக்கும் பக்கத்தில் செம்பும் பழைய பொன்னும் மாநிறத்தில் ஒளிர்வது போல வெளிர் தோலில் ஒளிராது என்பது என் உறுதியான எண்ணம். நம் தோலுக்குள் இருக்கும் வெம்மையை அது வெளியே கொண்டுவருகிறது. குறை, அதன் ஒட்டுதலில். செதில்களை இணைக்க எண்ணெயும் சிலிக்கோனும் சேர்ப்பதால், வெப்பத்தில் அது வழுக்கி மடிப்புக்குள் கோடாகத் திரளும். பகல் வெயிலில் கண்ணாடித் துண்டு போலக் கூசவும் கூசும். மாலைக்கு அரசி, காலைக்குச் சுமை.

வளைகுடாவின் ஒப்பனை மரபு இதை நன்றாக அறிந்தே வைத்திருக்கிறது. அபாயாவும் நிக்காபும் அணியும் இடத்தில் முகத்தின் அலங்காரம் முழுவதையும் கண்ணே தாங்குகிறது. அதனால் ஆழ்ந்த மேட் நிழலும் அதன் நடுவே ஒளிப்புள்ளியும் கலீஜி, அதாவது வளைகுடா ஒப்பனையின் முத்திரையாயின. ஹுடா கத்தான் 2013-ல் துபாயில் தொடங்கிய ஒப்பனை நிறுவனமான ஹுடா பியூட்டி, 2017-ல் டெசர்ட் டஸ்க் பேலட்டை வெளியிட்டது. 18 நிறங்கள், மேட், முத்து மினுக்கம், கோணத்துக்கேற்ப நிறம் மாறும் டியூவோக்ரோம், கிளிட்டர் என்று பல ஃபினிஷ்கள் ஒரே பெட்டியில். மேட் கட்டடம் எழுப்பட்டும், மினுக்கம் விளக்கேற்றட்டும் என்ற அந்த வேலைப் பிரிவினை சரியானது. நம் தோலுக்கும் ஏற்றது. ஆனால் அது விருந்துக்கான இலக்கணம். காலை ஏழு மணிக்கு மெட்ரோ ஏறி, மாலை வீடு திரும்பிச் சமைக்கும் பெண்ணுக்கு அதில் பாதி பயன்படாது.

கிளிட்டரை நான் நிராகரிக்கிறேன். பெரிய துண்டுகள் இமையிலிருந்து உதிர்ந்து கண்ணுக்குள் விழும். காண்டாக்ட் லென்ஸ் போட்டவருக்கு லென்ஸுக்கும் விழிக்கும் நடுவே சிக்கிக் கருவிழியைக் கீறும். மணல் காற்று வீசும் ஊரில் கண்ணைக் கசக்காமல் இருக்க முடியாது. முகத்தைக் கழுவியதும் பிளாஸ்டிக் துகள் சாக்கடை வழியே போகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் கொண்டுவந்த நுண்பிளாஸ்டிக் கட்டுப்பாடு ஒப்பனைப் பொருளுக்கும் பொருந்தும். முகப்பூச்சுகளுக்கு 2035 வரை தவணை கொடுத்திருக்கிறது. தவணை முடியும்வரை நாம் காத்திருக்கத் தேவையில்லை.

எஞ்சியது சாட்டின். இதன் ஒளி பகலில் கூசாது, இரவில் அணையாது. கேமரா ஃபிளாஷில் மேட் தட்டையாகிப் போகும் இடத்தில் சாட்டின் இமைக்கு உயிர் கொடுக்கும். சிறு செதில்கள் சீராகப் படிவதால் சாம்பல் பூப்பதும் குறைவு. இமையின் வடிவத்தை மாற்றும் வலிமை மட்டும் இதற்குக் கிடையாது. அதற்கு மேட்டின் துணை வேண்டும்.

இரண்டு பழைய அறிவுரைகளை இங்கே மறுத்தாக வேண்டும். கறுத்த தோலுக்கு மினுக்கம் ஆகாது என்பது முதலாவது. ஆகாதது வெள்ளி பூத்த வெளிர் மினுக்கம். பொன், செம்பு, வெண்கலம் கறுத்த தோலுக்கென்றே பிறந்தவை. நாற்பதைத் தாண்டினால் மேட் மட்டும் என்பது இரண்டாவது. சுருக்கத்தைக் காட்டிக்கொடுப்பது பெரிய செதிலும், உலர்ந்த மேட்டும்தான். நுண்ணிய சாட்டின் அந்த இமைக்கு மேட்டைவிட இரக்கமானது.

ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. மினுக்கம் தரும் மைக்காவில் கணிசமான பங்கு ஜார்க்கண்ட், பீகார் மாநிலங்களின் கோடர்மா வட்டாரத்திலிருந்து வந்தது. அங்கே கைவிடப்பட்ட சுரங்கங்களில் குழந்தைகள் செதில் பொறுக்கும் கொடுமை 2016-ல் உலகச் செய்தியானது. அடுத்த ஆண்டே நிறுவனங்கள் சேர்ந்து பொறுப்பான மைக்காவுக்கென ஓர் அமைப்பைத் தொடங்கின. செயற்கை மைக்காவும் இன்று பரவலாகக் கிடைக்கிறது. பெட்டியின் பின்புறம் சிந்தெட்டிக் ஃப்ளோர்ஃப்ளோகோபைட் என்று எழுதியிருந்தால் அதுதான். மினுக்கத்தை விரும்பும் நாம் இந்தப் பெயரைத் தேடுவது குறைந்தபட்சக் கடமை.

தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். வளைகுடாவில் வாழும் தமிழ்ப் பெண்ணுக்கு அன்றாடப் பூச்சு சாட்டின். தோலைவிட ஆழமான ஒரு பழுப்பு மேட், மடிப்புக்கு மட்டும். கல்யாணத்துக்கும் தீபாவளி விருந்துக்கும் இமையின் நடுவில் ஒரு விரல்நுனி மெட்டாலிக். கிளிட்டர் வேண்டாம். எண்ணெய் இமையென்றால் பிரைமரும் மேலே மெல்லிய பவுடரும் கட்டாயம். உலர் இமையென்றால் முதலில் ஈரப்பதம், பிறகு கிரீம் சாட்டின். இமை கறுத்திருந்தால் ஆரஞ்சு சாய்வுள்ள கன்சீலர் ஒரு தொடுதல், பிறகே நிறம். நிறங்களைப் பொறுத்தவரை மூன்று சிறு டப்பாக்களில் முடிகிற செலவு இது. பதினெட்டு நிறப் பெட்டி தேவையில்லை.

கடையில் பலர் தொட்ட டெஸ்டரைக் கண்ணில் வைக்காதீர்கள், தொற்று வரும். புறங்கைத் தோலும் இமைத் தோலும் ஒன்றல்ல, இமைத்தோல் உடலிலேயே மிக மெல்லியது என்பதையும் மறக்க வேண்டாம். முன்கையின் உட்புறம் சிறிது தீட்டிக்கொண்டு, கடை வாசலுக்கு வந்து வெயிலில் ஒரு முறை, உள்ளே விளக்கில் ஒரு முறை பாருங்கள். இரண்டு இடத்திலும் அது உங்கள் தோலாகவே தெரிந்தால் மட்டும் வாங்குங்கள்.