நாமக்கல் பாடியும் கம்பெனி பாடியும்

ஓசூரிலிருந்து வெறும் சேசிஸ் வரும். கதவு கிடையாது, கூரை கிடையாது. தலையில் ஹெல்மெட், முகத்தில் துண்டு, ஒற்றைச் சீட்டில் உட்கார்ந்து டிரைவர் அதைத் தருமபுரி, சேலம் தாண்டி நாமக்கல் பட்டறையில் கொண்டுவந்து நிறுத்துவார். அங்கேதான் அது லாரியாகும். அசோக் லேலண்டும் டாட்டாவும் கேபினையும் பாடியையும் தாங்களே பூட்டி விற்க இறங்கிய பிறகு, பட்டறைப் பிழைப்பில் கைவைத்துவிட்டார்கள் என்ற புலம்பல் இங்கே ஓயவில்லை. புலம்பலில் நியாயம் உண்டா?

கேபின் விஷயத்தில் இல்லை. மரச்சட்டம் அடித்துத் தகடு போர்த்திய பழைய கேபினில் கேட்டதெல்லாம் கிடைத்தது: கால் நீட்டிப் படுக்கப் பலகை, சாமி படத்துக்கு மாடம், வடக்கே லைன் போனால் பொங்கித் தின்ன ஸ்டவ் வைக்கும் பெட்டி. எதிரே வரும் வண்டி மோதினால் அந்த மரச்சட்டம் என்ன செய்யும்? கம்பெனி கேபினை ஏ.ஐ.எஸ். 029 விதிப்படி, ஊசலாடும் பெரிய எடையால் முகப்பில் இடித்து, உள்ளே ஆள் பிழைக்க இடம் மிஞ்சுகிறதா என்று பார்க்கிறார்கள். 2025 முதல் புது லாரி கேபினுக்கு ஏ.சி.யும் கட்டாயம். டிரைவரின் உயிர் என்று வந்தபின் மாடமும் பலகையும் எடுபடாது.

பாடி வேறு கதை. முட்டைக்கு ஒரு பாடி, கறிக்கோழிக் கூண்டுக்கு ஒன்று, திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிக்கு முற்றிலும் வேறு. ஓனர் பட்டறையிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, “இங்க ஒரு கொக்கி வைங்க, கயிறு வழுக்குது” என்பார். வெல்டர் அப்போதே பற்றவைப்பார். கம்பெனி கேட்லாக்கில் அந்தக் கொக்கி தேடினாலும் கிடைக்காது.

பட்டறைக்காரர்கள் பேசத் தயங்கும் ஒன்று உண்டு. ‘நாமக்கல் பாடி கெட்டி’ என்ற பெயரில் பாதி, ஓவர்லோடு வாங்கித் தந்தது என்பேன். 2018-இல் பத்துச் சக்கர லாரிக்கு மொத்த எடை வரம்பு 25 டன்னிலிருந்து 28.5 டன் ஆனது. வண்டியின் சொந்த எடையும் இதில் அடக்கம். வரம்புக்குள் ஓட்டுகிறவர் பாடியில் அரை டன் இரும்பைக் கூட்டினால், ஒவ்வொரு நடையிலும் அரை டன் வாடகை போச்சு. நல்ல எஃகை மெலிதாகப் போட்டுக் கட்டும் கம்பெனி பாடி ஜெயிப்பது இந்தக் கணக்கில்தான்.

என் தீர்ப்பு: கேபின் கம்பெனியிடமே இருக்கட்டும், பாடியைப் பட்டறையில் கட்டுங்கள். வண்டியை விடுமுன், வேலை முடிந்ததும் எடைமேடையில் ஏற்றிக் காலி எடையை எழுதித் தருவீர்களா என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.