விர்ச்சுவல்பாக்ஸ் மட்டும் போதுமா?

ஆசிரியர்களே, தேர்வு எழுதும் மாணவர்களே,

மெய்நிகர் இயந்திரம் என்றாலே வகுப்பில் விர்ச்சுவல்பாக்ஸ்தான் முதலில் வருது. காரணம் உண்டு. விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஒரே மாதிரி திரை. நாலு பட்டன் அழுத்தினால் கணினிக்குள் இன்னொரு கணினி. முதல் பாடத்துக்கு நல்ல கருவி.

ஆனால் லினக்ஸில் படிப்பவர்கள் அதோடு நிற்பது சரியில்லை. விர்ச்சுவல்பாக்ஸ் தன் கெர்னல் மாட்யூல்களை வெளியிலிருந்து கொண்டுவருது. கெர்னலைப் புதுப்பித்ததும் அவற்றை மறுபடி கட்ட வேண்டும். அது தவறினால் நேற்று ஓடிய இயந்திரம் இன்று எழாது. கே.வி.எம். அப்படி இல்லை. 2007-இல் வந்த 2.6.20 பதிப்பிலிருந்து அது கெர்னலிலேயே இருக்கு.

இதைவிட முக்கியம், பாடத்தைப் புரிய வைப்பது. வன்பொருள் மேல் நேரடியாக ஓடும் ஹைப்பர்வைசர் முதல் வகை, இயங்குதளத்தின் மேல் ஓடுவது இரண்டாம் வகை என்று மனப்பாடம் செய்கிறோம். விர்ச்சுவல்பாக்ஸ் இரண்டாம் வகை, சிக்கல் இல்லை. கே.வி.எம். எந்த வகை? அங்கே லினக்ஸ் கெர்னலே ஹைப்பர்வைசர் வேலையைச் செய்யுது. அதே லினக்ஸில் நீங்க கட்டுரையும் தட்டச்சு செய்யலாம். அதனால் இரு பக்கமும் வாதம் இருக்கு. யார் எந்த வேலையைச் செய்றாங்கன்னு தெரிந்தால்தான் பதில் சொல்ல முடியும். செயலியின் துணையோடு உள்ளே இருக்கும் இயங்குதளத்தின் கட்டளைகளை நேரடியாக ஓடவிடுவது கே.வி.எம்.; வட்டு, வலை அட்டை போன்றவை இருப்பதாகக் காட்டுவது க்யூஎமு. இந்தப் பிரிவினையை விர்ச்சுவல்பாக்ஸின் ஒரே திரை மறைத்துவிடுது.

குறையும் சொல்லணும். கே.வி.எம்.-ஐ இயக்க உதவும் விர்ட்-மேனேஜரின் வலையமைப்புப் பக்கம் புதியவரை மிரட்டும். விண்டோஸ் மட்டும் உள்ள ஆய்வகத்துக்கு அது உதவாது.

எந்தக் கருவியானாலும் ஒரு எச்சரிக்கை: ஸ்னாப்ஷாட் என்பது காப்பு நகல் அல்ல. அது மூல வட்டுக் கோப்பைச் சார்ந்தது. வட்டு கெட்டால் இரண்டும் போச்சு. செயல்திட்டக் கோப்புகளை வேறு வட்டில் வைங்க.

ஆக, அறிமுகத்துக்கு விர்ச்சுவல்பாக்ஸ். லினக்ஸ் வைத்திருக்கும் தேர்வு மாணவருக்கு கே.வி.எம். டெர்மினலில் எல்எஸ்சிபியூ என்று ஆங்கில எழுத்தில் தட்டிப் பாருங்க. விடி-எக்ஸ் அல்லது ஏஎம்டி-வி என்று வந்தால் உங்க செயலிக்கு அந்தத் திறன் உண்டு. பயாஸில் அது திறந்திருக்கிறதா என்று மட்டும் சரிபார்த்து, பயிற்சியைத் தொடங்குங்க.