கதவருகே நிற்கும் காரஸ்

மாஸ் எஃபெக்ட் 2-இன் கடைசிக் கதவு. நாயகப் பாத்திரமான ஷெப்பர்டுடன் மேலே போக இரண்டு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி ஆட்டம் காத்திருக்கிறது. நம் ஆட்டக்காரர் காரஸ் படத்தில் ஒரு நொடி நின்றார். கிரண்ட் படத்தில் இன்னொரு நொடி. இரண்டையும் தாண்டிப் போய் டாலியையும் ஜாக்கையும் எடுத்தார். பின்னால் சோபாவில் இருந்த மூன்று பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்: “டேய், காரஸை எவனாவது வெளியே நிறுத்துவானா?”

நிறுத்துவான். ஆட்டம் தெரிந்தவன் நிறுத்துவான்.

இந்த ஆட்டக்காரரின் பெயரை எழுத வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். எழுதினாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அவர் ஆடும் முறையைப் பற்றி நண்பர்கள் வட்டத்தில் இருக்கும் கருத்து எனக்குத் தெரியும்: பயந்தாங்கொள்ளி ஆட்டம். நல்ல ஆட்களை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, நோஞ்சான்களோடு பாஸ் ஃபைட்டுக்குப் போகிறார். கடைசிச் சண்டை இழுவையாக இழுக்கிறது. பார்க்கச் சகிக்கவில்லை. இதுதான் குற்றப்பத்திரிகை. பெரும்பாலும் தப்பு.

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 7 வந்தால், என்7 தினம் என்ற பெயரில், மாஸ் எஃபெக்ட் ரசிகர்கள் தங்களுக்குப் பிடித்த மிஷன்களை வரிசைப்படுத்துவார்கள். 2007-இல் வந்த முதல் பாகத்திலிருந்து விர்மயர் வரும். கெய்டனைக் காப்பாற்றுவதா ஆஷ்லியைக் காப்பாற்றுவதா என்று அன்று விழித்த விழிப்பை யாரும் மறக்கவில்லை. மூன்றாம் பாகத்திலிருந்து டுச்சாங்கா வரும், அதில் எனக்கும் ஆட்சேபம் இல்லை. ஷேடோ புரோக்கரின் கப்பல் வரும். சிட்டடல் டிஎல்சியைச் சிலர் சேர்ப்பார்கள்; அது மிஷனே இல்லை, கல்யாண வீட்டு மறுநாள் விருந்து. எப்படி வரிசை போட்டாலும் உச்சியில் பெரும்பாலும் இரண்டாம் பாகத்தின் சூசைடு மிஷன்தான் நிற்கும். ஏன் அது உச்சியில் என்று கேட்டுப்பாருங்கள். இசை என்பார்கள், எதிரிகளான கலெக்டர்களின் தளம் என்பார்கள், யார் வேண்டுமானாலும் சாகலாம் என்ற படபடப்பு என்பார்கள். உண்மையில் அது ஒரு தேர்வுக்குழுக் கூட்டம் என்று ஒருவரும் சொல்வதில்லை.

மற்ற முடிவுகளை விட்டுவிடலாம். குழாய்க்குள் யாரை அனுப்புவது என்பதில் குழப்பமே இல்லை. டாலி, லீஜன், கசூமி மூவரில் லாயல்டி மிஷன் முடித்து ஷெப்பர்டுக்கு விசுவாசமாகிவிட்ட ஒருவர். ஜேக்கப் தானே கைதூக்குவார். அப்போதே மிராண்டா குறுக்கிட்டு டெக் ஆள்தான் வேண்டும் என்று சொல்லியும் விடுவார். பூச்சிக்கூட்டத்துக்கு நடுவே தடுப்புக் குமிழி பிடிக்க ஜாக் அல்லது சமாரா. பயாட்டிக் சக்தியுள்ளவர் யாராக இருந்தாலும் போதும் என்று அங்கே மிராண்டா சொல்வதை நம்பினால் ஓர் ஆளைப் பூச்சிகள் தூக்கிக்கொண்டு போகும். இதெல்லாம் யார் எந்த வேலைக்கு என்ற கேள்வி. காது கொடுத்துக் கேட்டால் விடை வசனத்திலேயே இருக்கிறது. கடைசிக் கதவில் அந்த உதவி கிடையாது. ‘உன்னோடு யார் வர வேண்டும்’ என்று ஆட்டம் கேட்கிறது. கேட்க வேண்டியது ‘பின்னால் கதவைக் காக்க யார் நிற்க வேண்டும்’ என்பதை. வேண்டுமென்றே கேள்வியைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். மூன்று விளையாட்டுகள் கொண்ட அந்தக் கதையில் இதைவிடக் குறும்பான வடிவமைப்பை நான் பார்க்கவில்லை.

கதவைக் காக்கும் கணக்கு ரசிகர்களுக்குத் தெரிந்ததுதான். காரஸ், கிரண்ட், ஸயீத் மூவருக்கும் தலா 4. ஜேக்கப், மிராண்டா, லீஜன், சமாரா, தேய்னுக்குத் தலா 2. மார்டின், டாலி, ஜாக், கசூமிக்கு வெறும் 1. லாயல்டி இல்லாவிட்டால் எல்லோருக்கும் ஒன்று குறையும். ஐந்து பேரோ அதற்கு மேலோ கதவில் நின்றால், சராசரி 2-ஐத் தொட்டால் ஒருவரும் சாவதில்லை. தொடாவிட்டால் சாவுப் பட்டியல் திறக்கும். அதில் முதல் பெயர் மார்டின், அடுத்தது டாலி.

தெரிந்ததுதான். ஆனால் தெரிந்தவர்களும் அந்தத் திரைக்கு வந்ததும் மறந்துவிடுகிறார்கள் என்பதுதான் என் ஆத்திரம். பன்னிரண்டு பேரும் லாயலாக இருக்கட்டும். கலெக்டர்களிடமிருந்து மீட்ட நம் கப்பல் ஆட்களோடு மார்டினைத் திருப்பி அனுப்பிவிட்டோம். இப்போது காரஸையும் கிரண்டையும் உடன் அழைத்துப் போனால், கதவில் ஒன்பது பேருக்கு மொத்தம் 17. சராசரி 1.89. டாலி காலி. அதே இடத்தில் டாலியையும் ஜாக்கையும் அழைத்துப் போனால் ஒன்பது பேருக்கு 23. தூங்கிக்கொண்டே காக்கலாம். நம் ஆட்டக்காரர் செய்தது இதைத்தான். பெஞ்சில் உட்கார வைத்தாராம்! ஊரையே காக்க வேண்டிய இடத்தில் தூண்களை நட்டுவிட்டுப் போனார் மனிதர்.

சடுகுடு பார்த்தவர்களுக்கு இது புரியாமல் போவதுதான் விந்தை. பாடிப்போகிறவனுக்கு விசில். கார்னரில் குனிந்து கணுக்காலைப் பிடிக்கிறவனுக்கு முழங்கைச் சிராய்ப்பு. இருந்தும் நல்ல பயிற்சியாளர் கார்னர் ஆளைத்தான் முதலில் தேடுவார்.

அடுத்து, அந்த பாஸ். மனித ரீப்பர் என்று பெயர். இவ்வளவு பெரிய மிஷனின் முடிவில் வந்து நிற்பது ஓர் உலோக எலும்புக்கூடு. அதைப் பார்த்து முதல் தடவையே சிரித்தவர்கள் உண்டு. அவர்களில் நானும் ஒருவன். மறைவில் நில், குழாய்களை உடை, பிறகு அது தலைகாட்டும்போது சுடு, நடுவில் வரும் கலெக்டர்களைக் கவனி. அவ்வளவுதான் வேலை. அதற்கு காரஸ் எதற்கு? கொசு அடிக்க அரிவாளா? உடன் வருகிறவர் லாயலாக இருந்தால் அந்தச் சண்டையில் சாக மாட்டார். ஆகவே பலவீனமானவர்களுக்கு அந்தத் தளத்திலேயே மிகப் பாதுகாப்பான இடம் பாஸின் மூக்குக்கு முன்னால்தான். கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். நம்மவரின் சண்டை நாலு நிமிடம் கூடுதலாக இழுத்தது உண்மை. ஜாக் இரண்டு தடவை கீழே விழுந்தாள், மெடிஜெல் போட்டு எழுப்பினார். சோபாவில் கொட்டாவி விட்டார்கள். கொட்டாவி விடட்டும்.

2010-இல், விளையாட்டு வந்த புதிதில் ஆடியவர்களுக்கு இந்தப் பாடம் இன்னும் காரமாகக் கிடைத்தது. கசூமி காசு கொடுத்து வாங்க வேண்டிய டிஎல்சி. ஸயீதும் வட்டில் இல்லை, தனியாக இறக்கிக்கொள்ள வேண்டும். இருவரும் இல்லாமல் பத்துப் பேரோடு போனவர்கள் எத்தனையோ பேர். அந்தக் கணக்கில் காரஸையும் மிராண்டாவையும் அழைத்துப் போய், கப்பல் ஆட்களுக்குத் துணையாக யாரையும் அனுப்பாமல் விட்டால், கதவில் எட்டுப் பேருக்கு 15. மார்டின் செத்தார். அதே காரஸ், அதே மிராண்டா, ஆனால் மார்டினைத் துணைக்கு அனுப்பியிருந்தால் ஏழு பேருக்கு 14. சரியாக 2. எல்லோரும் பிழைத்தார்கள், கப்பல் ஆட்களும் சேர்ந்து. ஒரு கிழட்டு விஞ்ஞானியை வீட்டுக்கு அனுப்பியதால் கதவு பலமாகிறது! ஆள் குறைந்தால் பலம் கூடும் என்ற இந்தச் சங்கதியை எந்த வசனமும் சொல்வதில்லை. அன்று பலர் மார்டினின் சாவை விதி என்று எடுத்துக்கொண்டார்கள். கதை அப்படித்தான் போகும்போல என்று நினைத்து அடுத்த பாகத்துக்கும் அந்த சேவ் கோப்பையே கொண்டுபோனார்கள்.

நான் மார்டின் கட்சி. மறைக்கவில்லை. டுச்சாங்காவின் கோபுரத்தில் அந்த மனிதர் இல்லாமல், அவர் இடத்தில் பாடோக் விக்ஸ் நிற்கும் சேவ் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். விக்ஸ் நல்லவர், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஓர் இனத்தின் பிறப்பையே முடக்கிய ஜெனோஃபேஜை மெருகேற்றிய கைதான் அதை நீக்கவும் வேண்டும். ஒரு பாவத்தின் கணக்கை வேறொருவர் வந்து தீர்த்தால் அது வெறும் அலுவல். அவ்வளவு பெரிய காட்சியை, இரண்டு வருடம் முந்தைய பாகத்தில், ‘காரஸ் கூட வந்தா கெத்தா இருக்கும்’ என்ற ஒரே காரணத்துக்காகத் தொலைத்துவிட்டு நிற்கிறார்கள். டாலி செத்திருந்தால் இன்னும் மோசம். ரானோக்கில் குவேரியன்களுக்கும் கெத்துகளுக்கும் சமாதானம் செய்துவைக்கும் வழியே அடைபட்டுப்போகும். கதவில் விழுந்த ஓட்டை அடுத்த பாகத்தில் ஓர் இனத்தையே விழுங்குகிறது. பட்டியல் போடுகிறவர்கள் டுச்சாங்காவையும் ரானோக்கையும் தனித்தனி மிஷன்களாக எழுதுகிறார்கள். என் கணக்கில் அவை இரண்டும் அந்தக் கதவின் இரண்டாம் இன்னிங்ஸ்.

இவ்வளவு செய்தவர்கள் 2012-இல் மூன்றாம் பாகத்தின் முடிவில் ஏன் இந்த மறைமுகக் கணக்கை விட்டார்கள்? அங்கே போர்ப்பலம் என்று ஓர் எண்ணைத் திரையிலேயே போட்டார்கள். கூடக் கூட நல்லது, அவ்வளவுதான். லண்டன் தெருக்களில் யாரை எங்கே நிறுத்துவது என்று கேட்கவே இல்லை. முடிவைப் பற்றி உலகமே வேறு காரணத்துக்காகச் சண்டை போட்டது. என் சண்டை இது. எண்ணைக் காட்டினால் சேமிப்பு. எண்ணை மறைத்தால்தான் தேர்வு.

2021-இல் வந்த லெஜண்டரி பதிப்பில் பன்னிரண்டு பேரும் முதலிலிருந்தே கிடைக்கிறார்கள். ஸயீத் என்ற நாலு மார்க் ஆள் கையோடு இருப்பதால் கதவு இளகிவிட்டது. காரஸையும் ஒரு நோஞ்சானையும் கூட்டிப் போனால்கூடத் தப்பிக்கலாம். அதனால் இப்போது புதிதாக வருகிறவர்களுக்குத் தோல்வியின் ருசி தெரியவில்லை, நம் ஆட்டக்காரரின் முறையும் தேவையற்ற கஞ்சத்தனமாகத் தெரிகிறது. போதாததற்கு வழிகாட்டிப் படங்கள் வேறு. பக்கத்தில் செல்போனில் அட்டவணையை வைத்துக்கொண்டு ஆடுகிறவரை நான் ஆட்டக்காரர் என்று எழுத மாட்டேன். நம்மவர் அட்டவணை பார்த்தவரில்லை. முதல் ஓட்டத்தில் மார்டினை இழந்தார், இரண்டாவதில் டாலியை. மூன்றாவதில் தானாகக் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

அடுத்து என்ன நடக்கும்? பயோவேர் அடுத்த மாஸ் எஃபெக்டை உருவாக்கிவருவதாக 2020-ஆம் ஆண்டு என்7 தினத்தன்று அறிவித்தது. அதில் சூசைடு மிஷன் மாதிரி ஒன்று நிச்சயம் இருக்கும் என்பது என் கணிப்பு. ரசிகர்கள் கேட்பதே அதைத்தான். ஆனால் கதவருகே நிற்பவர்களின் பலத்தை ஒரு பச்சைப் பட்டையாகத் திரையில் காட்டிவிடுவார்கள் என்றும் நினைக்கிறேன். யாரும் கோபப்படக் கூடாது என்ற கவலை இப்போது எல்லா விளையாட்டிலும் இருக்கிறது. பட்டை நிரம்பும், எல்லோரும் பிழைப்பார்கள், யாருக்கும் அந்த மிஷன் நினைவிருக்காது. தப்பாகப் போனால் இந்தப் பத்தியிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

நம் ஆட்டக்காரரைப் பற்றிய கணிப்பில் எனக்கு இன்னும் நம்பிக்கை அதிகம். அவர் இப்போது நாலாவது ஓட்டத்தில் இருக்கிறார், இன்சானிட்டி என்ற உச்சக் கடின நிலையில். ஜாக்குக்கும் மிராண்டாவுக்கும் நடக்கும் சண்டையில் மிராண்டா பக்கம் சாய்ந்ததில் ஜாக்கின் லாயல்டி போய்விட்டது. மார்டினுக்கும் கசூமிக்கும் லாயல்டி மிஷன் செய்யாமலே போகப்போகிறாராம், வீம்புக்கு. சோபாக்காரர்கள் இப்போதே மூன்று பேருக்கும் ஒப்பாரி வைத்துவிட்டார்கள். லாயல்டி இல்லாதவரைப் பாஸிடம் அழைத்துப் போனால் சாவு, கப்பல் ஆட்களுக்குத் துணையாக அனுப்பினாலும் சாவு. பழைய முறை இந்தத் தடவை பலிக்காது.

ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். அந்த மூன்று பேருக்கும் ஒரே இடம்தான் மிச்சம்: கதவு. தலா பூஜ்ஜியம். அவர்களைத் தாங்க காரஸ், கிரண்ட், ஸயீத் மூவரும் அங்கேயே நிற்க வேண்டும். கூட லீஜன், சமாரா, மிராண்டா. மொத்தம் ஒன்பது பேருக்கு 18. நூல் பிடித்ததுபோல் 2. தேய்ன் கப்பல் ஆட்களோடு போகிறார். ஷெப்பர்டோடு மேலே போக மிஞ்சுகிறவர்கள் இரண்டே பேர். ஒருவர் டாலி.

மற்றவர் பெயரில் அவர் கர்சரை வைக்கும் நிமிடம் எனக்கு இப்போதே காதில் கேட்கிறது. சோபாவிலிருந்து ஒரு குரல் வரும்: “ஜேக்கப்பா?!”